வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்க வாக்காளர்கள் ஒரே பதவிக்கு இரு முறை வாக்களிக்கின்றனர். நவம்பரில் நடைபெறும் பொதுத்தேர்தலில் கட்சிகளின் வேட்பாளர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் யார் களமிறங்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்கின்றனர். 'பிரைமரி' எனப்படும் முதல்நிலைத் தேர்தல் இதுதான்.

இம்முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டில் கட்சிப் பெருந்தலைகள் மூடிய அறைக்குள் வேட்பாளர்களை முடிவு செய்தனர். அவர்களுக்குப் பின்னால் ரயில்வே, மர வணிக நிறுவனங்களின் பணபலம் இருந்தது. இதனை முறியடிக்க விஸ்கான்சின் மாநில ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் முயன்றதன் விளைவாக, 1903-இல் அம்மாநிலம் முதல்நிலைத் தேர்தலைச் சட்டமாக்கியது. பிற மாநிலங்களும் அவ்வழியே சென்றன.

எனினும், அதிபர் வேட்பாளர் தேர்வில் தலைவர்களின் பிடி எளிதில் தளரவில்லை. 1968-இல் ஒரு முதல்நிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். வியத்நாம் போருக்கு எதிரான கொந்தளிப்பு உச்சத்திலிருந்த நேரம் அது. அதன் பின்னர் அமைக்கப்பட்ட சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைகளால், 1972 முதல் வாக்காளர்களின் தீர்ப்பே வேட்பாளரை முடிவு செய்யும் நிலை உருவானது.

முதல்நிலைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை எத்துணை முக்கியமானது என்பதற்கு டெக்சாஸ் மாநிலம் சான்று. அங்கு நீண்டகாலம் ஜனநாயகக் கட்சியின் ஆதிக்கமே நிலவியது. அக்கட்சியின் வேட்பாளராவதே வெற்றிக்குச் சமம். அந்த முதல்நிலைத் தேர்தலில் கருப்பினத்தவர் வாக்களிக்கத் தடை இருந்தது. கட்சி என்பது தனியார் சங்கம். அதன் உறுப்பினர் யார் என்பதை அதுவே முடிவு செய்யும் என்று வாதிடப்பட்டது. 1944-இல் உச்சநீதிமன்றம் இவ்வாதத்தை நிராகரித்துத் தடையை நீக்கியது. வேட்பாளர் தேர்வு கட்சியின் உள்விவகாரம் மட்டுமன்று, குடிமக்களின் உரிமையும் ஆகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால், உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்துவோர் சிலரே. பொருளியல் அறிஞர் ஆண்டனி டௌன்ஸ் 1957-இல் வெளியிட்ட நூலில், இரு கட்சிப் போட்டியில் கட்சிகள் நடுத்தரக் கருத்துடைய வாக்காளரை நோக்கியே நகரும் என விளக்கினார். முதல்நிலைத் தேர்தலோ வேட்பாளரை எதிர்த்திசையில் இழுக்கக்கூடியது. அங்கு வாக்களிக்க வருவோர் பெரும்பாலும் தீவிரப் பற்றாளர்கள். முதலில் அவர்களைக் கவர்ந்தால்தான் வேட்பாளர் நவம்பர் களத்துக்கே வர இயலும்.

2014-இல் பிரதிநிதிகள் அவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் தம் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றார். அவரை வீழ்த்தியவர் அதிகம் அறியப்படாத பொருளியல் பேராசிரியர் ஒருவர். அன்று வாக்களித்தோர் ஏறத்தாழ 65,000 பேர்; அதே தொகுதியில் நவம்பரில் வாக்களித்தோர் ஏறத்தாழ 2.4 லட்சம் பேர். ஒரு கட்சிக்கே உறுதியான தொகுதிகளில், சிறுபான்மையினர் எடுக்கும் முடிவே இறுதி முடிவாகிவிடுகிறது.

இக்குறையைக் களைய மாற்று வழிகள் முயலப்படுகின்றன. கலிபோர்னியாவில் 2012 முதல் பெரும்பாலான பதவிகளுக்கு அனைத்துக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் போட்டியிடுகின்றனர். முதலிரு இடங்களைப் பெறுவோர், ஒரே கட்சியினராயினும், பொதுத்தேர்தலுக்குச் செல்கின்றனர். அலாஸ்காவில் 2022 முதல் முதல் நான்கு இடங்களைப் பெறுவோருக்கு அவ்வாய்ப்பு கிடைக்கிறது.

நம் நாட்டில் வேட்பாளர் தேர்வு கட்சித் தலைமையின் கையிலேயே உள்ளது. 2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் சில தொகுதிகளில் மட்டும் கட்சியினரின் வாக்கெடுப்பு மூலம் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது, அம்முயற்சி வேரூன்றவில்லை. தலைமையின் தயவால் வாய்ப்புப் பெற்றவர் தலைமைக்கே கடமைப்பட்டிருப்பார். வாக்காளர்களால் வேட்பாளரானவர் அவர்களுக்கே பதில் கூறியாக வேண்டும். முதல்நிலைத் தேர்தலின் நோக்கம் இதுவே. அந்நோக்கம் நிறைவேற வாக்குரிமையை விரிவாக்கினால் மட்டும் போதாது. பற்றாளர்கள் அல்லாத சாதாரண வாக்காளர்களும் அன்று வாக்குச்சாவடிக்கு வர வேண்டும்.