வாசம் வந்தால் கிருமி செத்துவிட்டதா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலைச் சிரமதானம் முடிந்து திங்கட்கிழமை காலையில் ஒரு தாய் வகுப்பு வாசலில் நின்று கேட்டார்: "டீச்சர், கிளாஸெல்லாம் மருந்து போட்டுக் கழுவின எண்டீங்க, ஒரு வாசமும் வரல்லியே?" கழுவியது உண்மைதான் ராத்தா என்று சொன்னோம். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அவரில் குறை சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்ட நாட்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வாசம் மூக்கில் ஏறினால்தான் தண்ணீரைக் குடிக்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கும் உள்ளே படிந்திருக்கிறது. தொற்றுநீக்கிகளின் வரலாற்றைத் தேடி வாசித்தபோதுதான், அந்தத் தாயின் கேள்வி 200 வருடம் பழையது என்று விளங்கியது.

அக்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள், அழுகிய பொருட்களிலிருந்து எழும் கெட்ட காற்றுத்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்ற பொருளில் வந்ததுதான். அப்படியானால் நாற்றத்தை ஒழித்தால் நோயும் ஒழியும். இதுதான் அவர்களின் கணக்கு.

குளோரின் வாயுவை 1774இல் சுவீடன் நாட்டு ஷீலே முதலில் தயாரித்தார். சில வருடங்களில் பிரான்ஸின் பெர்தொலே அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார். 1799இல் கிளாஸ்கோவின் சார்ள்ஸ் டெனன்ட் அதைச் சுண்ணாம்போடு சேர்த்து, மூட்டையில் கொண்டு போகக்கூடிய வெளிற்றும் தூளாக்கினார். நாங்கள் கிணற்றுக்குப் போடும் தூளின் மூத்த உறவு அது. அதுவரை எல்லாம் துணிக்காகத்தான். பாரிஸில் மிருகக் குடலைப் பதப்படுத்தும் பட்டறைகள் தாங்க முடியாத நாற்றமடித்தன. அந்த நாற்றத்துக்கு வழி காண்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். லபராக் என்ற மருந்தாளர் 1820களில் குளோரின் கரைசலைக் கொண்டு அதைச் சாதித்துப் பரிசையும் பெற்றார். அதன்பின் பிணவறை, வைத்தியசாலை, சிறைச்சாலை எல்லாவற்றிலும் அந்தக் கரைசல் தெளிக்கப்பட்டது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று பெரும்பாலானவர்கள் நினைத்தும் பார்க்கவில்லை. நாற்றம் போனது, எல்லோருக்கும் திருப்தி.

பிறகு வியன்னா. இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவமாதுகள். மாணவர்களின் விடுதியில்தான் தாய்மார் அதிகமாக இறந்தார்கள். 1847 ஏப்ரலில் மட்டும் 312 பிரசவம், 57 மரணம். அங்கே வேலை செய்த இக்னாஸ் செம்மல்வைஸ் காரணம் தெரியாமல் தவித்தார். அதற்கு முந்திய மாதம், அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா பிரேத பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டு இறந்திருந்தார். அவரது உடலில் கண்டவை, பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடல்களில் கண்டவையேதான். அப்போது செம்மல்வைஸுக்கு விளங்கியது. மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு தாய்மாரிடம் வருகிறார்கள். மருத்துவமாதுகள் பிணத்தைத் தொடுவதில்லை.

சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் அந்தக் கைகளில் பிண நாற்றம் இருந்தது. நாற்றத்தைப் போக்க எது நல்லது என்று தேடித்தான் அவர் குளோரின் கரைசலுக்கு வந்தார். மே நடுப்பகுதியிலிருந்து எல்லோரும் அதில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். ஜூலையில் 250 பிரசவம், 3 மரணம்.

அவரும் நாற்றத்தைத்தான் துரத்தினார். ஆனால் அவர் கையில் எடுத்த பொருள், நாற்றத்தோடு நாற்றமாகக் கிருமியையும் கொன்றது. பிழையான காரணம், சரியான விளைவு. ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்க முடியாததால் மற்ற வைத்தியர்கள் அவரை ஏற்கவில்லை. உங்கள் கைதான் தாயைக் கொன்றது என்று சொன்னால் யார்தான் ஏற்பார்கள்? அவர் மனநிலை பாதிக்கப்பட்டு, மனநோய் விடுதியொன்றில் 1865 ஓகஸ்ட் 13ஆம் திகதி இறந்தார்.

அதற்கு முதல் நாள், ஓகஸ்ட் 12, கிளாஸ்கோவில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையன் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து தோலைக் கிழித்த காலோடு வைத்தியசாலைக்கு வந்தான். அந்தக் காலத்தில் அப்படியான காலைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். ஜோசப் லிஸ்டர் காயத்தில் காபோலிக் அமிலம் இட்டுக் கட்டினார். காயம் சீழ் பிடிக்கவில்லை. ஆறு கிழமையில் பையன் குணமானான். லிஸ்டர் அப்போது பாஸ்டரின் நுண்ணங்கி ஆய்வுகளை வாசித்திருந்தார். ஆனால் காபோலிக் அமிலம் அவர் கண்ணில் பட்டது எப்படி? கார்லைல் நகரத்தில் சாக்கடையின் நாற்றத்தைப் போக்க அதைப் பயன்படுத்தியதைப் பற்றி அறிந்துதான். பார்த்தீர்களா, இங்கேயும் நாற்றம்.

லிஸ்டரும் ஓரிடத்தில் சறுக்கினார். கிருமி காற்றிலிருந்துதான் காயத்தில் விழுகிறது என்று நினைத்து, 1871இலிருந்து சத்திரசிகிச்சை அறை முழுக்கக் காபோலிக் அமிலத்தைப் புகைபோல விசிறினார். வைத்தியர்களின் கை வெளிறிப்போனது, கண் எரிந்தது. ஆபத்து காற்றை விடக் கையிலும் கருவியிலும்தான் என்று பிறகு தெரிந்தது. 1890இல் பெர்லின் மாநாட்டில், அந்த விசிறலைப் பரிந்துரைத்ததற்கு வெட்கப்படுவதாக அவரே சொன்னார். இவ்வளவு பெரிய மனிதர் சபையில் எழுந்து அப்படிச் சொன்னது எங்களுக்கு அவரது மற்ற எல்லாச் சாதனைகளையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

2020 கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். வீதி வீதியாக மருந்தடித்தார்கள். வாசல்களில் கூடாரம் கட்டி மனிதர்மேல் தெளித்தார்கள். அந்த வருடம் மே மாதமே உலக சுகாதார நிறுவனம், வீதிக்குத் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை, மனிதர்மேல் எந்தச் சூழ்நிலையிலும் தெளிக்கக்கூடாது என்று சொன்னது. லிஸ்டர் கைவிட்ட விசிறலை நாங்கள் 130 வருடம் கழித்து மீண்டும் தூக்கியிருந்தோம்.

சரி, எது உண்மையில் கொல்கிறது என்று முறையாகச் சோதித்தது யார்? 1881இல் ஜேர்மனியில் ரொபர்ட் கொக். பட்டு நூல்களை அந்திராக்ஸ் வித்திகளில் தோய்த்து, ஒவ்வொரு மருந்திலும் ஊறவைத்து, பிறகு அவை வளர்கின்றனவா என்று பார்த்தார். எண்ணெயில் கரைத்த காபோலிக் அமிலத்தால் ஒரு பயனும் இல்லை என்று கண்டார். அதைத்தான் அப்போது பலர் காயத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். வாசம் மட்டும் பிரமாதம்! இரசக் குளோரைட்டுத்தான் சிறந்தது என்று முடிவு சொன்னார். 1889இல் கெப்பெர்ட் என்பவர் அதையும் பிழையென்று காட்டினார். நூலில் ஒட்டியிருந்த இரசத்தை இன்னொரு இரசாயனத்தால் அகற்றிப் பார்த்தபோது வித்திகள் மறுபடி முளைத்தன. அதாவது அவை சாகவில்லை, வளராமல் அடங்கிக் கிடந்தன.

அடுத்து, எங்கள் பார்வையில் இந்தக் கதையின் மிக முக்கியமான ஆள்: ஹரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி. லண்டனில் லிஸ்டரின் பெயரிலேயே அமைந்த நிறுவனத்தில் வேலை செய்தவர். 1908இல் அவர் காட்டியது இது: மருந்து பட்டவுடன் கிருமிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. சம அளவு நேரத்தில் சம பங்குதான் சாகும். ஒரு நிமிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு சாகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் கிருமி ஒரு நிமிடத்தில் ஓர் இலட்சமாகும், அடுத்த நிமிடத்தில் பத்தாயிரம், அடுத்ததில் ஆயிரம். ஒன்றுக்கு வர ஆறு நிமிடம் தேவை. நாங்கள் மேசையில் தெளித்துப் பத்து செக்கனில் துணியால் துடைத்துவிடுகிறோமே, அப்போது எத்தனை மிஞ்சியிருக்கும்?

அவரும் மார்ட்டின் என்பவரும் இன்னொரு காரியம் செய்தார்கள். அதுவரை மருந்துகளைச் சுத்தமான தண்ணீரில் வைத்துத்தான் சோதித்தார்கள். இவர்கள் உலர்ந்த மலத்தைக் கலந்து சோதித்தார்கள். அருவருப்பாக இருக்கலாம், ஆனால் மலசலகூடம் என்றால் அதுதானே நிலைமை? அழுக்கு இருக்கும்போது பல மருந்துகளின் பலம் பாதாளத்துக்குப் போனது.

காரணம் எளிது. குளோரின் கரைசலில் உள்ள ஐப்போகுளோரசு அமிலம் கிருமியின் மென்சவ்வைக் கடந்து உள்ளே போய்ப் புரதங்களை ஒட்சியேற்றி உருக்குலைக்கிறது. முட்டை வெள்ளை வெந்ததும் திரும்பப் பழைய நிலைக்கு வராததுபோல, அந்தப் புரதமும் வேலைக்கு உதவாது. ஆனால் குளோரினுக்குக் கிருமியின் புரதம் எது, தரையில் கிடக்கும் சோற்றின், சளியின் புரதம் எது என்ற வித்தியாசம் தெரியாது. முன்னால் எது கிடக்கிறதோ அதோடு மோதித் தீர்ந்துவிடும். அதனால்தான் முதலில் சவர்க்காரமும் பிரஷும், பிறகு மருந்து. அற்ககோலிலும் ஒரு வேடிக்கை உண்டு. 95 வீதத்தை விட 70 வீதம் நன்றாகக் கொல்லும். புரதத்தை உருக்குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும்.

இனி சொல்லப்போவது எங்கள் பிழை. நாலு வருடத்துக்கு முன், அப்போது படிப்பித்த பாடசாலையில், மலசலகூடம் கழுவ மூன்று சாதாரணதர மாணவர்களை விட்டோம். வெளிற்றும் தூளும், அமிலம் கலந்த மலசலகூடத் திரவமும் பக்கத்தில் இருந்தன. "ரெண்டையும் சேர்த்தா டபுள் பவர்" என்று ஒருவன் ஒரே வாளியில் ஊற்றிவிட்டான். நாங்கள் வராந்தாவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். இருமல் சத்தம் கேட்டு ஓடினோம். கண் சிவந்து, மூச்சுத் திணறி வெளியே வந்தார்கள். திறந்த வெளியில் இருத்தி, கண்ணைக் கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அல்ஹம்துலில்லாஹ், மாலையில் மூவரும் வீட்டுக்குப் போனார்கள். அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாளியிலிருந்து கிளம்பியது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜேர்மன் படை சுமார் 168 தொன் அளவில் திறந்துவிட்ட அதே வாயு. அதே யுத்தத்தில், அதே குளோரினை அரை வீதம் அளவுக்கு ஐதாக்கி ஹென்றி டேக்கின் என்ற இரசாயனவியலாளர் படைவீரர்களின் அழுகும் காயங்களைக் கழுவக் கொடுத்தார். அளவும், எதோடு சேர்கிறது என்பதும் மட்டுமே வித்தியாசம். இதையெல்லாம் கலாசாலையில் படித்த நாங்கள்தான் இரண்டு போத்தலையும் அருகருகே வைத்தவர்கள்.

வருகிற சனிக்கிழமை மீண்டும் சிரமதானம், இன்ஷா அல்லாஹ். வருகிற பெற்றார் பிரஷ், சவர்க்காரத் தூள், கையுறை கொண்டுவந்தால் போதும். வெளிற்றும் திரவத்தை நாங்களே கலக்குவோம். போத்தலில் 5 வீதம் என்று இருந்தால் ஒரு கோப்பைக்கு 49 கோப்பை தண்ணீர், அன்றன்று கலந்தது மட்டும். மேசைகளை முதலில் கழுவி, பிறகு பூசி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, அதன்பின் தண்ணீரால் துடைப்போம். யன்னல்கள் திறந்திருக்கும். அமிலத் திரவம் அன்றைக்குப் பாடசாலைக்குள் வராது. வாளிகள் பிள்ளைகளின் கையில் இருக்காது.

திங்கட்கிழமை காலையில் வகுப்பில் ஒரு வாசமும் இருக்காது ராத்தா. வந்து மேசையை விரலால் தடவிப் பாருங்கள்.