குழல் நீளமும் புரியிடைத் தூரமும்: பிரித்தானியச் சுழல்வரித் துப்பாக்கியின் குறித்துல்லியம் குறித்த சிந்தனை வரலாறு (1742–1903)

ஆய்வுச் சுருக்கம்

துப்பாக்கிக் குழல் நீண்டிருந்தால் குறி தப்பாது என்னும் கருத்து இன்றளவும் பரவலாக உள்ளது. குறித்துல்லியத்தைத் தீர்மானிக்கும் காரணிகளாகக் குழலின் நீளமும் அதன் உட்புறச் சுழல்வரிகளின் புரியிடைத் தூரமும் நெடுங்காலம் ஒன்றோடொன்று பிணைத்தே எண்ணப்பட்டன. பெஞ்சமின் ராபின்ஸ், சார்லஸ் ஹட்டன், எசக்கியேல் பேக்கர், ஜோசப் விட்வொர்த், ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் ஆகியோரின் பணிகளின் வழியே இவ்விரு காரணிகளும் எவ்வாறு தனித்தனி வினாக்களாகப் பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுழல்வரி, புரியிடைத் தூரம், குழல்வாய் வேகம், நீள்குண்டு, விட்வொர்த், கிரீன்ஹில் வாய்பாடு

முன்னுரை

1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு துப்பாக்கி இந்திய வரலாற்று எழுத்தில் பெரும்பாலும் அதன் தோட்டா உறையில் தடவப்பட்ட கொழுப்பின் பொருட்டே நினைவுகூரப்படுகிறது. 1857ஆம் ஆண்டு எழுச்சியோடு அத்துப்பாக்கிக்குள்ள தொடர்பு அத்தகையது. ஆயின் அதே ஆண்டில் இங்கிலாந்தில் அத்துப்பாக்கி வேறொரு விசாரணைக்கு உள்ளாயிற்று. அதன் குழலின் துளைவிட்டமும் சுழல்வரியின் முறுக்கும் சரியானவையா என்பதே அவ்விசாரணை. தொழில்நுட்ப வரலாற்றில் இவ்விரண்டாம் விசாரணை பெறும் இடத்தை அறிய, அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னிருந்து தொடங்குதல் வேண்டும்.

இக்கட்டுரையில் ‘புரியிடைத் தூரம்’ என்பது, குண்டு குழலுக்குள் ஒரு முழுச் சுற்றுச் சுழல்வதற்குக் கடக்க வேண்டிய நீளத்தைக் குறிக்கும். திருகின் அளவைக் குறிக்க இயற்பியல் பாடநூல்களில் வழங்கும் சொல்லே இங்கும் ஆளப்படுகிறது. புரியிடைத் தூரம் குறையக் குறையக் குண்டின் சுழற்சி விரைவாகும்.

ராபின்ஸ்: சுழற்சி ஏன் வேண்டும்?

பாத் நகரில் 1707இல் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். குண்டின் வேகத்தை அளக்க அவர் உருவாக்கிய ஊசல், எறியியலை ஊகத்திலிருந்து அளவீட்டுக்குக் கொண்டுவந்தது. 1745இல் லியோன்ஹார்ட் ஆய்லர் அந்நூலை விரிவான உரையுடன் ஜெர்மானிய மொழியில் வெளியிட்டார்.

சுழல்வரியற்ற மஸ்கட் துப்பாக்கியின் குண்டு ஏன் வழி விலகுகிறது என்னும் வினாவுக்கு ராபின்ஸ் அளித்த விடை புதுமையானது. குழலின் சுவரை உரசிச் செல்லும் குண்டு ஏதோவொரு திசையில் சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சி காற்றின் தடையைச் சமனற்றதாக்கிக் குண்டை வளைக்கிறது. இதை நிறுவ அவர் மஸ்கட் குழலின் நுனியை இடப்புறமாக வளைத்துச் சுட்டார். அடுத்தடுத்து வைத்த மெல்லிய திரைகளில் குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வலப்புறம் திரும்பியது புலனாயிற்று. ஆய்லர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. குண்டின் வடிவக் குறைகளே விலகலுக்குக் காரணம் எனக் கருதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாக்னஸ் செய்த சோதனைகளே ராபின்ஸின் பார்வையை உறுதிசெய்தன.

இதிலிருந்து சுழல்வரியின் பயன் தெளிவாகிறது. தற்செயலான சுழற்சியை நீக்கி, குண்டு செல்லும் திசையையே அச்சாகக் கொண்ட ஒழுங்கான சுழற்சியை அது அளிக்கிறது. 1747இல் ராயல் கழகத்திற்கு அளித்த கட்டுரையில், சுழல்வரித் துப்பாக்கியை முதலில் முழுமையாக ஏற்கும் நாடு போரில் பெரும் மேன்மை பெறும் என ராபின்ஸ் கணித்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக வந்த அவர், 1751இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கணிப்பு நிறைவேற ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

ஹட்டன்: நீளம் எதைத் தருகிறது?

குழலின் நீளம் குண்டின் வேகத்தை எந்த அளவுக்குக் கூட்டுகிறது என்பதை வூலிச்சில் சார்லஸ் ஹட்டன் 1780களில் வெவ்வேறு நீளமுள்ள பீரங்கிகளைக் கொண்டு சோதித்தார். நீளம் கூடக்கூட வேகமும் கூடுகிறது. ஆனால் அக்கூடுதல் நீளத்தின் இருமடி மூலத்தைவிடக் குறைவாகவும் மும்மடி மூலத்தைவிடச் சற்று மிகுதியாகவும் அமைகிறது என்பது அவருடைய முடிவு. அதாவது குழலை இரட்டித்தால் வேகம் இரட்டிப்பதில்லை. நூற்றுக்கு 26க்கும் 41க்கும் இடைப்பட்ட அளவே உயரும். வெடிமருந்து வளி விரியும்தோறும் அதன் அழுத்தம் வீழ்வதே இதற்குக் காரணம்.

இங்குக் கருதத்தக்கது, ஹட்டன் அளந்தது வேகத்தையே என்பதாகும். வேகம் மிகுந்தால் குண்டின் பாதை தட்டையாகும். தொலைவைக் கணிப்பதில் நேரும் பிழையின் விளைவு குறையும். ஆனால் ஒரே இலக்கை நோக்கிச் சுடப்பட்ட குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி விழும் என்பது வேறு வினா.

பேக்கர்: ஒன்றாய்ப் பிணைந்த அளவை

1800இல் பிரித்தானியப் படையின் சுழல்வரித் துப்பாக்கிப் பிரிவுக்காக எசக்கியேல் பேக்கரின் படைப்பு ஏற்கப்பட்டது. அதன் குழல் 30 அங்குலம், ஏழு வரிகள், குழலின் முழு நீளத்தில் கால் சுற்று. அக்கால ‘இந்திய வகை’ மஸ்கட்டின் குழல் 39 அங்குலம். ஒன்பது அங்குலம் குட்டையான துப்பாக்கியே குறித்துல்லியத்தில் மேம்பட்டது என்பது, நீளமே துல்லியம் என்னும் கருத்துக்கு நேரடியான மறுப்பாகும்.

எனினும் பேக்கர் முறுக்கைக் குறித்த முறை கவனத்திற்குரியது. ‘கால் சுற்று’ என்னும் அளவை குழலின் நீளத்தைத் தன்னுள் அடக்கியது. அதே முறுக்குள்ள குழலைப் பாதியாக வெட்டினால் அது ‘அரைக்கால் சுற்று’ ஆகிவிடும். குண்டு பெறும் சுழற்சியோ வேகம் குறைந்த அளவுக்கே குறையும். ஏனெனில் குழல்வாயை விட்டு வெளியேறும் குண்டின் சுழற்சி வீதம், அதன் வேகத்தைப் புரியிடைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. குழலுக்குள் அது எத்தனை சுற்றுச் சுழன்றது என்பது இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. பேக்கரின் கால் சுற்றை இம்முறையில் மாற்றினால் புரியிடைத் தூரம் 120 அங்குலம் ஆகும். உருண்டைக் குண்டுக்கு இத்தகைய மெல்லிய முறுக்கு போதும். உருண்டை கவிழ்ந்தாலும் காற்றுக்கு அதே முகத்தையே காட்டும்.

என்ஃபீல்டும் விட்வொர்த்தும்

நீள்குண்டு வழக்கிற்கு வந்தபின் இந்நிலை மாறியது. நீண்ட குண்டின் முனையைக் காற்று கவிழ்க்க முயலும். அதைத் தடுப்பது சுழற்சி ஒன்றே. 1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு இத்தகைய குண்டைச் சுட்டது. அதன் துளைவிட்டம் 0.577 அங்குலம், புரியிடைத் தூரம் 6 அடி 6 அங்குலம், அதாவது 78 அங்குலம். அதன் குழலோ மஸ்கட்டைப் போலவே 39 அங்குலம். இரு வரிசையாக நின்று சுடும் காலாட்படையில் பின்வரிசையினரின் குழல்வாய் முன்வரிசையினரைக் கடந்து நீள வேண்டும். துப்பாக்கி முனைக்கத்தியின் எட்டும் தூரமும் குறையக் கூடாது. ஆகவே இந்நீளம் எறியியலின் தேவையைவிட அணிவகுப்பின் தேவையையே பெரிதும் காட்டுகிறது.

1854இல் படைத்தலைமைத் தளபதி ஹார்டிஞ்சு பிரபுவின் வேண்டுகோளை ஏற்று மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் ஆய்வில் இறங்கினார். எந்திரங்களை வடிவமைக்குமுன் குழலின் கொள்கையைக் கண்டறிய வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. தம் இல்லத்தை ஒட்டி 500 கெஜம் நீளமுள்ள மூடிய சுடுகூடம் ஒன்றை அமைத்து, காற்றின் தலையீடின்றிப் பல துளைவிட்டங்களையும் புரியிடைத் தூரங்களையும் சோதித்தார். ஒரே அங்குலத்தில் ஒரு சுற்று என்னும் கடுமுறுக்கு வரை அவர் சென்று பார்த்தார். இறுதியில் அவர் தேர்ந்தது 0.451 அங்குலத் துளைவிட்டமும் 20 அங்குலப் புரியிடைத் தூரமும் கொண்ட அறுகோணத் துளை.

இவ்விரு தேர்வுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. குண்டின் எடை என்ஃபீல்டில் இருந்தவாறே 530 கிரெயினாக வைக்கப்பட்டது. அதே ஈயம் குறுகிய துளைக்குள் செல்ல வேண்டுமாயின் குண்டு நீள வேண்டும். நீண்ட குண்டு கவிழாதிருக்க முறுக்கு விரைய வேண்டும். நொடிக்கு 1,200 அடி வேகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், என்ஃபீல்டு முறுக்கில் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 185 சுற்றும், விட்வொர்த் முறுக்கில் 720 சுற்றும் சுழலும்.

1857இல் ஹைத் பயிற்சிப் பள்ளியில் நிகழ்ந்த ஒப்பீட்டில், 500 கெஜத் தொலைவில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடியாகவும் விட்வொர்த்தின் விலகல் 0.37 அடியாகவும் பதிவாயின. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டின் குண்டுகள் அளவிட இயலாவண்ணம் சிதறின. ஆயினும் குறுகிய துளையில் கரும்புகை வெடிமருந்தின் கசடு படிதலும் உற்பத்திச் செலவும் காரணமாக விட்வொர்த் துப்பாக்கி படையின் பொது ஆயுதமாக ஏற்கப்படவில்லை.

அவரது முடிவு வேறு வழியில் உள்ளே நுழைந்தது. 1860ஆம் ஆண்டு வகைக் குட்டை என்ஃபீல்டில் குழல் 33 அங்குலமாகக் குறைந்து, புரியிடைத் தூரம் 48 அங்குலமாக இறுகியது. 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றி 0.45 அங்குலத் துளைவிட்டமும் 22 அங்குலப் புரியிடைத் தூரமும் கொண்டது. அதன் துளை அறுகோணமன்று, ஏழு வரிகளுடையது. அறுகோணம் கைவிடப்பட்டு முறுக்கு நிலைத்தது என்பதால், விட்வொர்த்தின் நிலையான பங்களிப்பு எது என்பது விளங்கும்.

கிரீன்ஹில்: சோதனையிலிருந்து வாய்பாட்டுக்கு

வூலிச்சில் பீரங்கிப் படை அலுவலர்க்குக் கணிதம் கற்பித்த ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் வெளியிட்ட வாய்பாடு எளிமையானது. குண்டின் நீளத்தை அதன் விட்டத்தால் வகுக்க. கிடைக்கும் எண்ணால் 150ஐ வகுக்க. வருவது விட்டத்தின் மடங்கில் அமைந்த புரியிடைத் தூரம். ஈயக் குண்டுக்கு உரிய இவ்வாய்பாட்டில் குழலின் நீளத்துக்கு இடமே இல்லை.

விட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள 0.45 அங்குலக் குண்டுக்கு இவ்வாய்பாடு 22.5 அங்குலத்தைத் தருகிறது. விட்வொர்த் தேர்ந்தது 20. ஹென்றி குழலில் அமைந்தது 22. இரு மடங்கு நீளமுள்ள என்ஃபீல்டு குண்டுக்கு ஏறத்தாழ 43 அங்குலம் வருகிறது. 1853ஆம் ஆண்டின் 78 அங்குலம் இதிலிருந்து வெகுவாக விலகி நிற்க, 1860ஆம் ஆண்டின் 48 அங்குலம் நெருங்கி வருகிறது. என்ஃபீல்டு குண்டின் அடிப்பகுதி உட்குழிவானது. அதன் ஈர்ப்பு மையம் முன்னோக்கி அமைவதால் குறைந்த சுழற்சியும் அதற்கு ஓரளவு போதுமாயிருந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

குட்டைக்குழல் விவாதம்

1903 முதல் வழங்கப்பட்ட குட்டைக்குழல் லீ-என்ஃபீல்டு இவ்வரலாற்றில் இயல்பாக அமைந்த ஒரு சோதனை எனலாம். முந்தைய நீளவகையின் 30.2 அங்குலக் குழல் 25.2 அங்குலமாயிற்று, 10 அங்குலப் புரியிடைத் தூரம் மாறவில்லை. குழல் குறைந்ததால் துல்லியம் கெடும் என இலக்குச் சுடும் வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்தனர். குட்டைக்குழலில் பார்வைக்குறிகளுக்கு இடையிலுள்ள தொலைவு சுருங்கி, சுடுபவரின் சிறு பிழையும் பெருகும். ஆகவே அவர்தம் குறையில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அது கண்ணின் துல்லியம் பற்றியது. குண்டின் நிலைத்தன்மை பற்றியதன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, புரியிடைத் தூரம் குண்டின் வடிவத்தோடு, சிறப்பாக அதன் நீளத்தோடு, தொடர்புடையது. குழலின் நீளம் வெடிமருந்தின் ஆற்றலைப் பயன்கொள்வதோடும் பார்வைக்குறியோடும் தொடர்புடையது. இரண்டாவதாக, ‘கால் சுற்று’ என்னும் அளவையிலிருந்து ‘இத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று’ என்னும் அளவைக்கு மாறியது வெறும் சொல் மாற்றமன்று. பிணைந்திருந்த இரு காரணிகளைப் பிரித்துக் காண உதவிய கருத்து மாற்றமாகும். மூன்றாவதாக, குழலின் நீளத்தைப் பல தருணங்களில் தீர்மானித்தது அணிவகுப்பும் முனைக்கத்தியுமே. எனவே ஓர் ஆயுதத்தின் அளவுகளைக் கொண்டு அக்கால அறிவியலை மதிப்பிடும் ஆய்வாளர், ஒவ்வோர் அளவும் எந்த வினாவுக்கு விடையாக வந்தது என்பதை முதலில் பிரித்தறிதல் இன்றியமையாதது.