தோலும் பவுடரும்: தாம்பரம் – பல்லாவரம் வழித்தடத்தில் சில குறிப்புகள்

1

தாம்பரத்தில் மின்ரயில் ஏறும்போது என் முகம் ஒழுங்காகத்தான் இருந்தது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஃபவுண்டேஷன், அதன்மேல் பவுடர். சானடோரியம் தாண்டியதும் மூக்கின் இருபுறமும் எண்ணெய் கசிந்தது. குரோம்பேட்டையில் நெற்றி. பல்லாவரம் வருவதற்குள் பருக்களைச் சுற்றிப் பவுடர் திட்டுத் திட்டாக நின்றது, சாம்பல் பூத்த பூசணிக்காய் மாதிரி. எதிர் சீட்டு அம்மா, "மூஞ்சியத் தொடச்சுக்கம்மா" என்று கைக்குட்டையை நீட்டினார்.

முப்பதைக் கடந்தும் பரு என்னை விடவில்லை. இதைச் சொந்த அவஸ்தை என்று ஒதுக்கியிருக்கலாம். ஸ்டேஷன் பெயர்கள் விடவில்லை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். பல்லாவரத்தில் துரைப்பாக்கம் 200 அடிச் சாலை ஜி.எஸ்.டி. சாலையைத் தொடும் இடம் இன்றைக்கும் 'பான்ட்ஸ் சிக்னல்'. பான்ட்ஸ் தொழிற்சாலை அங்கே இருந்த காலத்தின் எச்சம் அந்தப் பெயர். ஒரு கம்பெனி மாட்டுத் தோலை வைத்துப் பிழைத்தது, இன்னொன்று மனிதத் தோலை வைத்து.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: தோல். விளம்பரத் தமிழ் மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு 'சருமம்' என்கிறது. சமஸ்கிருதத்தில் 'சர்ம' என்பது பதனிட்ட தோலையும் குறிக்கும். தோல் வேலை செய்பவன் சர்மகாரன். வடக்கே ஒரு சாதிக்கு 'சமார்' என்று பெயர் வந்த வழி அதுதான். எந்தச் சொல்லால் தோலின் 'தீட்டை' மறைக்கப் பார்த்தார்களோ அந்தச் சொல்லின் வேரிலேயே தோல் ஷாப்பின் வாடை இருக்கிறது.

2

முதலில் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்ப்போம். டால்க் என்பது பாறை, அதாவது நீரேறிய மெக்னீசியம் சிலிகேட். இந்தியாவில் பெரும்பகுதி ராஜஸ்தானில் தோண்டப்படுகிறது. அரைத்தால் தகடு தகடாக வழுக்கும். எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சும். அளவு மீறினால் எண்ணெயோடு குழைந்து திட்டாகும். அந்த எண்ணெயும் அழுக்கு அல்ல. ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் இயக்கும் சுரப்பிகளிலிருந்து வருவது. "ஒழுங்கா மூஞ்சி கழுவு" என்று பருவுள்ள பெண்ணிடம் சொல்கிறவர்கள் உடலியலையா பேசுகிறார்கள்? ஒழுக்கத்தைப் பேசுகிறார்கள்.

ஃபவுண்டேஷனில் மறைப்புக்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. நிறத்துக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று இரும்பு ஆக்சைடுகள். வெள்ளை தூக்கலான கலவையைக் கறுத்த முகத்தில் தடவினால் சாம்பல் பூக்கத்தான் செய்யும். "மூணு ஷேடுதான்க்கா வருது. உங்களுக்கு இதான் கிட்டக்க வரும்" என்றார் கடைத் தம்பி. கிட்டக்க! அந்த மூன்று ஆக்சைடுகளின் விகிதத்தை மாற்றினால் நம் ஊர்க் கறுப்பு எல்லாமே வரும். ஆக, கறுப்புக்கு ஷேடு இல்லாமல் போனது வேதியியலின் இயலாமையன்று. யாருடைய முகம் முகமாகக் கணக்கில் வருகிறது என்ற தீர்மானம் அது. 2017இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 40 ஷேடுகளோடு சந்தைக்கு வந்து விற்றுக் காட்டிய பிறகுதான் பெரிய கம்பெனிகள் கறுப்பைத் தேடிப் புறப்பட்டன. அந்தத் தேடல் என் மெடிக்கல் ஷாப் அலமாரிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சினிமா இதற்கு முன்பே பாடம் நடத்திவிட்டது. 1930களின் இறுதியில் மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி வண்ணப்படக் கேமராவுக்காகச் செய்த 'பான்கேக்' நம் ஸ்டூடியோக்களுக்கும் வந்தது. ஜெமினியில் வேலைபார்த்த அசோகமித்திரன் அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகளில் ஒரு விவரம் உண்டு. கூட்டக் காட்சி எடுக்கும் நாளில் 'ஆபீஸ் பாய்' பெரிய பாத்திரத்தில் சாயம் கலந்து துணை நடிகர்கள் முகத்தில் அப்புவார். முகத்தின் துளைகளையெல்லாம் அடைத்துவிட வேண்டும் என்பதே நோக்கம். கதாநாயகனுக்குத் தலைமை மேக்கப்மேன், கூட்டத்துக்கு ஆபீஸ் பாய். பூச்சிலும் படிநிலை.

3

பான்ட்ஸுக்குத் திரும்புவோம். செஸ்ப்ரோ பான்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1983இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்த தன் தெர்மாமீட்டர் ஆலையைக் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தது. 1987இல் அது யூனிலீவர் கைக்குப் போயிற்று. 1998இல் பான்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பாம்பார் சோலையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆலை பாதரசத் தெர்மாமீட்டர்களை ஏற்றுமதிக்காகச் செய்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள்ளேயே ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடப்பதை உள்ளூர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. உடம்பில் ஏறியது எந்தக் கப்பலிலும் போகவில்லை.

தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்றே நிர்வாகம் சொல்லிவந்தது. வழக்கு நடந்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோபியா அஷ்ரஃபின் பாட்டு உலகமெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரச ஒப்பந்தம் ஆயிற்று. தொகை வெளியே சொல்லப்படவில்லை.

நான் இதிலிருந்து படித்துக்கொண்டது இவ்வளவுதான்: பவுடர் நமக்கு, தெர்மாமீட்டர் அவர்களுக்கு, பாதரசம் கொடைக்கானலுக்கு. தோலுக்கு மென்மை விற்ற அதே பெயர்ப் பலகை தொழிலாளியின் தோலை என்னவாகப் பார்த்தது? பல்லாவரத்தை அழகுசாதன வரலாறாகவும் கொடைக்கானலைச் சுற்றுச்சூழல் வரலாறாகவும் பிரித்து எழுதுவது கம்பெனிக்குத்தான் வசதி. 1996இல் வேலூர் மக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புகளின் கழிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, அதில் பேசப்பட்ட மாவட்டங்களில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. அதாவது நம் குரோம்பேட்டை – பல்லாவரம் இருந்த மாவட்டம்.

பெயரை மாற்றினால் சரியாகிவிடும் என்பது இன்னொரு வசதி. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை உதறிவிட்டு 'குளோ' என்று வைத்துக்கொண்டது. ட்யூப் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

4

இப்படியெல்லாம் பேசினால் நம் தோழர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள்: பவுடரே வேண்டாம். ஒரு கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தோழர், நீங்களுமா?" என்று ஒருவர் கேட்டார். நகையையும் அலங்காரத்தையும் விட்டொழிக்கச் சொன்ன பெரியாரை அவர் துணைக்கு அழைத்தார். பெரியார் கேட்டது பெண்ணின் விடுதலையை. தோழர் கேட்டது என் முகத்தின் மீது ஒரு தணிக்கை அதிகாரத்தை. வீட்டில் "பவுடர் பூசிட்டுப் போடி" என்கிறார்கள், கூட்டத்தில் "ஏன் பூசினாய்?" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் முகம் மட்டும் என்னுடையதாக இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் அந்தப் பட்டியலைத் தருகிறார். சட்டை கூடாது, குடை கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. அவற்றோடு ஒன்று: பெண்கள் பூ வைக்கக்கூடாது, குங்குமப்பூச் சாந்து பூசக்கூடாது. ஆங்கிலத்தில் அப்படி இருப்பதை மஞ்சள் என்றே நான் வாசிக்கிறேன். பூச்சு வெறும் பூர்ஷ்வா மோகமாக இருந்தால் அதைத் தடுக்க ஊர் கூட வேண்டிய அவசியம் என்ன? தடை விதிக்கப்பட்ட முகத்துக்குப் பூசிக்கொள்வதும் ஒரு எதிர்ப்புத்தான்.

எனவே பூசுவதா வேண்டாமா என்பது என் பாடு. பவுடருக்குள் என்ன இருக்கிறது என்பது பொது விஷயம். 2023இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் உலகம் முழுக்கத் தன் பேபி பவுடரில் டால்க்கை நிறுத்தியது. 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் வைத்தது. இதெல்லாம் வாங்குகிறவர் பற்றிய கவலை. அந்தப் பாறையைத் தோண்டியவரும் அரைத்தவரும் டப்பாவில் அடைத்தவரும் எத்தனை வருஷம் சுவாசித்தார்கள் என்பது யாருடைய கவலை?

பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை தெருக்களில் தோல் ஷாப்பிலும் பவுடர் கம்பெனியிலும் வேலைபார்த்து ஓய்ந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். நாம் ஃபூக்கோவைப் படித்து உடல், அதிகாரம் என்று எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். அதற்கு முன்னால் பான்ட்ஸ் சிக்னலில் இறங்கி, அந்தப் பெரியவர்களைத் தேடிப் போய், "உங்க கை எப்படி இருக்கு?" என்று ஒருதரம் கேட்டிருக்க வேண்டாமா?