சேர்க்கைக்குப் பின்: வீடற்ற பதின்பருவத்தினரும் அமெரிக்கப் பள்ளிச் சட்டமும்

வீடில்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது ஒரு வேலை. அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சான்றிதழோடு வெளியே வருவது வேறொரு வேலை. அமெரிக்காவின் மக்கினி-வென்டோ சட்டம் முதல் வேலையைப் பெருமளவு செய்திருக்கிறது. இரண்டாவதை மிகத் தாமதமாகக் கையிலெடுத்தது. அந்தத் தாமதத்தின் சுமை பதினான்கு வயதைக் கடந்தவர்கள் மேல்தான் விழுந்தது. அவர்களுக்கு ஆலோசனையும் ஊக்கமும் தரும் திட்டங்கள் ஏராளம். ஆனால் முதலில் வேண்டியது, அவர்கள் ஏற்கெனவே படித்த படிப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1987 ஜூலையில் அதிபர் ரீகன் கையொப்பமிட்ட இச்சட்டத்துக்கு, அதற்கு இரண்டு மாதம் முன்பு இறந்த கனெக்டிகட் காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டூவர்ட் மக்கினியின் பெயர் வைக்கப்பட்டது. மின்னசோட்டா உறுப்பினர் புரூஸ் வென்டோ 2000இல் மறைந்தபின் அவர் பெயரும் சேர்ந்தது. முதல் வடிவம் கேட்டது மிகக் குறைவு: வசிப்பிட விதிகள் பிள்ளைகளைத் தடுக்கின்றனவா என்று மாநிலங்கள் பார்த்துத் திருத்த வேண்டும், அவ்வளவே. 1990இல் தடுப்பூசிச் சான்று, பழைய பள்ளி ஆவணம் போன்ற பிற தடைகளும் கவனத்துக்கு வந்தன. 2001இல் சட்டம் பல் முளைத்து எழுந்தது. காகிதம் எதுவும் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். இருப்பிடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்தைப் பள்ளி மாவட்டம் ஏற்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். பாதியில் விட்ட பாடத்துக்கும் உரிய மதிப்பு கிடைக்க வழி செய்யுங்கள் என்று மாநிலங்களிடம் சட்டம் கேட்டது 2015இல்தான். வாசலிலிருந்து சான்றிதழ் வரை வர அதற்கு 28 ஆண்டுகள் பிடித்தன.

இச்சட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி, யார் வீடற்றவர் என்று அது வகுத்த விதம். தெருவிலும் காப்பகத்திலும் இருப்பவர்களோடு நிற்காமல், வீட்டை இழந்தோ வறுமையாலோ உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டியிருப்போரையும் அது சேர்த்துக்கொண்டது. பள்ளிகள் அடையாளம் காணும் வீடற்ற மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் இவர்கள்தாம். 2022-23 கல்வியாண்டில் மொத்த எண்ணிக்கை 13 லட்சத்தைத் தாண்டியது; நியூயார்க் நகரில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் அதே அரசின் வீட்டுவசதித் துறை ஒண்டியிருப்போரைப் பெரும்பாலும் வீடற்றோராகக் கொள்வதில்லை. பள்ளியில் வீடற்றவராகப் பதிவான பையன், மாலையில் வீட்டுவசதி அலுவலகத்தில் போய் நின்றால் அங்கே அவன் கணக்கிலேயே இல்லை. இந்த முரணை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்களே தவிர, இன்றுவரை யாரும் தீர்க்கவில்லை.

பதின்பருவத்தினரிடம் இன்னொரு சிக்கல்: அவர்கள் தாமாகச் சொல்வதில்லை. ஒண்டியிருக்கும் வீட்டுக்காரருக்கு இடைஞ்சல் வந்துவிடுமோ, குழந்தைகள் நலத் துறையினர் வந்துவிடுவார்களோ என்ற அச்சம். சக மாணவர் முன் கூச்சம். பெற்றோர் துணையின்றித் தனித்து வாழ்பவர்களாயின் படிவங்களில் கையொப்பமிட ஆளில்லை. அடையாளம் காண்பதே இடராக இருப்பதையும், தொடர்பு அலுவலர்களுக்கு நேரமும் ஆளும் போதாமையையும் மத்தியத் தணிக்கை அலுவலகம் 2014இல் சுட்டிக்காட்டியது. பல மாவட்டங்களில் அந்த அலுவலர் வேறு இரண்டு மூன்று பொறுப்புகளுக்கு நடுவே இதையும் பார்ப்பவர்.

சட்டம் தந்த உரிமை எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு வழக்கைப் பார்க்கலாம். தலைநகர் வாஷிங்டனின் வீடற்ற குடும்பங்கள் தொடுத்த லாம்ப்கின் வழக்கில், இவ்வுரிமைகளை நீதிமன்றம் மூலம் கோரலாம் என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு கீழ்நீதிமன்றம் பிள்ளைகளின் போக்குவரத்துக்கு வழி செய்யுமாறு ஆணையிட்டது. நகர நிர்வாகம் என்ன செய்தது? அந்த மத்திய நிதியே வேண்டாம் என்று திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது; ஆணையும் ரத்தானது. நிதியோடு கட்டப்பட்ட உரிமை, நிதியை மறுத்தவுடன் அவிழ்ந்துவிட்டது. பின்னாளைய திருத்தங்களைப் போற்றும் கட்டுரைகள் இந்த வழக்கின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வியப்பாக இருக்கிறது.

இனி மையப் பிரச்சினை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஆண்டிறுதிப் பொதுத்தேர்வு ஒன்று தலைவிதியைத் தீர்ப்பதில்லை. நான்காண்டுகளில் பாடம் பாடமாகச் சேர்க்கும் கிரெடிட்டுகளே பள்ளி முடித்த சான்றிதழான பட்டயத்தைத் தருகின்றன. இந்தக் கணக்கின் பிறப்புக்கும் மாணவர் நலனுக்கும் தொடர்பில்லை. கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1905இல் ஆண்ட்ரூ கார்னகி 1 கோடி டாலர் கொடுத்தார். அதை நிர்வகித்த அறக்கட்டளை, எது முறையான கல்லூரி என்று முடிவு செய்ய, சேர்க்கைக்கு இத்தனை அலகு உயர்நிலைப் படிப்பு வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஓர் அலகு என்பது ஏறத்தாழ 120 மணி நேர வகுப்பு. ஓய்வூதியத்துக்கு ஆசைப்பட்ட கல்லூரிகள் ஏற்றன. கல்லூரிகளுக்காகப் பள்ளிகள் ஏற்றன. இருக்கையில் அமர்ந்திருந்த நேரமே படிப்பின் அளவுகோலாயிற்று.

ஓரிடத்தில் நிலையாக இருக்கும் மாணவருக்கு இந்த அளவுகோலால் தீங்கில்லை. ஆனால் பருவம் முடிய ஐந்து வாரம் இருக்கையில் தாயோடு வேறு மாவட்டத்துக்குப் பெயரும் பதினாறு வயதுப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பழைய பள்ளி, பருவம் முடியவில்லை என்று எதுவும் தராது. புதிய பள்ளி, நடுவில் வந்தவர் என்று எதுவும் தராது. சில நேரம் அங்கே அதே பாடமே இருக்காது. விருப்பப் பாட வகுப்பில் உட்கார்த்திவைப்பார்கள். ஆறு பாடங்களின் அரையாண்டு உழைப்பு காற்றோடு போகும். இப்படி இரண்டு முறை நேர்ந்தால், பதினொன்றாம் வகுப்பு வயதில் அவள் கணக்குப்படி பத்தாம் வகுப்பு மாணவி. அதன்பின் அவள் பள்ளியை விடுவதை ஊக்கக் குறைவு என்று பதிவு செய்வது, நிர்வாகம் தன் பிழையை அவள் தலையில் கட்டுவதாகும்.

கலிஃபோர்னியா இதற்கு நேரடியாக மருந்து தேடியது. வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருந்த சலுகைகள், ஏபி 1806 என்ற சட்டத்தால் 2014இல் வீடற்ற மாணவருக்கும் நீட்டிக்கப்பட்டன. பாதி முடித்த பாடத்துக்குப் பாதி கிரெடிட்டைப் புதிய பள்ளி ஏற்றாக வேண்டும். இரண்டாம் ஆண்டுக்குப் பின் பள்ளி மாறியவர், உள்ளூர் மாவட்டம் தன் பங்குக்குக் கூட்டிவைத்த நிபந்தனைகளை நான்காண்டுக்குள் முடிக்க முடியாதென்றால், மாநிலத்தின் குறைந்தபட்சப் பாடங்களோடு பட்டயம் பெறலாம். அந்தக் குறைந்தபட்சம் பதின்மூன்று ஆண்டுப் பாடங்கள், அதாவது 130 கிரெடிட். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் கேட்பதோ 210.

இது மட்டமான பட்டயம் அல்லவா என்ற எதிர்ப்பு எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. மாநிலப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் பாடவரிசையைவிட மாநிலக் குறைந்தபட்சம் சிறியது. இந்த வழியில் போனவர் நேரடியாக அங்கே சேர முடியாமல் போகலாம். சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது: கல்லூரிச் சேர்க்கையில் விளைவு என்ன என்பதை மாணவரிடம் சொல்ல வேண்டும், ஐந்தாம் ஆண்டு தங்கி முழு நிபந்தனையையும் முடிக்கும் வழியையும் திறந்துவைக்க வேண்டும். எனவே என் தீர்ப்பு இது: பாதி கிரெடிட் விதி நிபந்தனையின்றி ஆதரிக்கத்தக்கது, ஏனெனில் அது தரத்தைக் குறைக்கவில்லை, செய்த வேலைக்குக் கூலி தருகிறது. குறைந்தபட்சப் பட்டயம் இரண்டாம் வழியாக மட்டும் நிற்க வேண்டும். மாவட்டங்கள் அதை முதல் வழியாக நீட்டத் தூண்டப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு: அளவீடு.

பட்டயம் பெறுவோர் விகிதத்தை வீடற்ற மாணவருக்குத் தனியே வெளியிடும் கடமை 2015இன் மத்தியச் சட்டத்தால் வந்தது. கிடைத்த படம் கசப்பானது. 2010களின் இறுதியில் எல்லா மாணவர்களுக்குமான விகிதம் 85ஐ ஒட்டியும், ஏழை மாணவர்களுக்கு 80ஐ ஒட்டியும் இருக்க, வீடற்றோருக்கு 68 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஏழைகளுக்கும் வீடற்றோருக்கும் இடையிலான அந்தப் பன்னிரண்டு புள்ளிகளை வறுமை ஒன்றைக்கொண்டு விளக்க முடியாது. இடம்பெயர்வு தனியாகச் செய்யும் சேதம் அதில் இருக்கிறது. ஆயினும் இவ்விகிதம் நான்காண்டுக் கணக்கு. ஐந்தாம் ஆண்டில் முடித்தவர் அதில் தோற்றவராகவே எண்ணப்படுவார். மாணவருக்கு நல்லது ஐந்தாம் ஆண்டு, மாவட்டத்தின் எண்ணுக்கு நல்லது நான்கு. நீட்டித்த ஆண்டு விகிதத்தைக் கணக்கிட மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. வீடற்றோர் விஷயத்தில் அதையே முதன்மை எண்ணாக்க வேண்டும்.

வீடு கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்போர் உண்டு. அடிப்படையில் அது உண்மைதான். ஆனால் வீட்டுவசதி வரும்வரை இப்போது பதினோராம் வகுப்பில் இருப்பவர் காத்திருக்க மாட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேப்பின் ஹால் 2017இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பட்டயமோ அதற்கு நிகரான சான்றோ இல்லாத இளைஞருக்கு வீடற்றுப்போகும் அபாயம் மற்றவரைவிட 346 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது காரணத்தை நிறுவும் எண்ணன்று. தொடர்பைக் காட்டும் எண். அப்படியே கொண்டாலும், பட்டயத்தை வீட்டுக்குப் பிறகு வரும் காரியமாக ஒத்திவைக்க முடியாது என்பதற்கு அது போதும்.

நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டம் (2009) இதே பாதையின் முதல் பாதியில் நிற்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 5. வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது பிரிவு 14. இரண்டும் எட்டாம் வகுப்போடு, 14 வயதோடு முடிகின்றன. கல்வியாண்டின் நடுவே ஆற்றங்கரைக் குடியிருப்பு இடிக்கப்பட்டுச் சென்னையை அடுத்த பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிக்கு அனுப்பப்படும் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு இச்சட்டம் எதுவும் தருவதில்லை. பிரிவு 5இன் பாதுகாப்பைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுவதும், பழைய பள்ளியின் அகமதிப்பீட்டு, செய்முறை மதிப்பெண்கள் மாணவரோடு புதிய பள்ளிக்குச் செல்லுமாறு விதி எழுதுவதும் பெரும் செலவு கேட்காத திருத்தங்கள். கல்வித் துறை அவற்றை வீட்டுவசதித் துறையின் ஒப்புதலுக்குக் காத்திராமல் செய்யலாம்.