பத்மினிக்கு ஏன் டிஸ்க் பிரேக் வரவில்லை?

கதிர்காமத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் அப்பாவின் 1978 பத்மினி நிற்கிறது. போன வருஷம் அதன் முன் சக்கர டிரம் பிரேக்கைக் கழட்டிவிட்டு டிஸ்க் போடலாம் என்று இறங்கினேன். காரணம் மழை. ஐப்பசியில் வழுதாவூர் சாலையில் தண்ணீர் தேங்கும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், லைனர் காயும்வரை பிரேக் பாதிதான் பிடிக்கும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "டிஸ்க் நல்லதுன்னா கம்பெனிக்காரங்களே ஏன்பா போடல?"

நியாயமான கேள்வி. அன்று ராத்திரி தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

டிஸ்க் பிரேக் புதுச் சரக்கு கிடையாது. 1902-இல் பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே 1902-இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு வாங்கினார். இரண்டும் ஒரே வயசுப் பிள்ளைகள். லான்செஸ்டரின் டிஸ்க்கைப் பிடித்தது செம்புத் துண்டு. அது போட்ட கீச்சுச் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது. அந்தக் காலத்து மண் சாலைப் புழுதியில் சீக்கிரமே தேய்ந்தும் போனது. டிரம்மோ மூடிய பாத்திரம் மாதிரி. புழுதி உள்ளே போகாது. அடுத்த ஐம்பது வருஷம் அதன் ராஜ்ஜியம்தான்.

ஆனால் மூடிய பாத்திரத்தில் சூடு வெளியே போகாது. நாலு பேரும் பெட்டியும் சேர்ந்து 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதை ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். பிரேக் போட்டதும் வண்டி மூக்கைக் குனிகிறதே, அப்போது எடை முன்னால் சாய்கிறது. முன் டயர்தான் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனரும் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

சின்ன வயதில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று அப்பா நியூட்ரலில் விட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் பெடல் தரை தொட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைத் திணித்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். வண்டி மேல் தப்பில்லை, ஓட்டிய விதம் தப்பு. அதற்குப் பிறகு, "பிரேக்கை நம்பி வண்டி ஓட்டாதே" என்பது அப்பாவின் வேதவாக்கு ஆகிவிட்டது.

டிஸ்க்குக்கு மறுவாழ்வு கொடுத்தது பந்தயம். 1953 ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பொருத்திய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். மற்றவர்கள் பிரேக்கை மிதித்த பிறகும் ஜாகுவார் ஓட்டுநர்கள் கொஞ்ச தூரம் மிதிக்காமல் போக முடிந்தது. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் டிஎஸ் வந்தது, முன்னால் டிஸ்க்குடன். புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறி (1 நவம்பர் 1954) அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1956-இல் ட்ரையம்ஃப் டிஆர்3 காரிலும் முன் டிஸ்க் வந்தது. அதைச் செய்து கொடுத்தது கர்லிங் கம்பெனி.

இந்தக் கர்லிங் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1962-இல் டிவிஎஸ் குழுமமும் இதே கர்லிங்கும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதாவது, டிஸ்க்கைச் சாதாரண விற்பனைக் காருக்குக் கொண்டுவந்த கை, இங்கிருந்து மூணு மணி நேரப் பயணத்தில் கடை விரித்துவிட்டது. இந்தியாவில் ஆள் தெரியாமல், அறிவு இல்லாமல் டிஸ்க் வராமல் போனது என்று சொல்ல முடியாது.

அடுத்த தகவல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம் பத்மினியின் மூலம் இத்தாலிய ஃபியட் 1100டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-இல் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில், 1966-இல், இத்தாலியில் ஃபியட் அதன் அடுத்த வடிவமான 1100ஆர் காரை வெளியிட்டது. அதில் முன் பிரேக் டிஸ்க். அண்ணன் தம்பியில் இத்தாலியில் இருந்தவனுக்குக் கிடைத்தது, குர்லாவில் இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. 1974 வாக்கில் பெயர் பத்மினி என்று மாறியது, பிரேக் மாறவில்லை. அம்பாசடர் கதையும் அதேதான். ஐம்பதுகளின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு டிரம்மோடுதான் பல பத்தாண்டுகள் ஓடியது. இசுசு என்ஜின் வந்த காலத்தில்தான் அதற்கு முன் டிஸ்க் எட்டிப் பார்த்தது.

ஏன் என்றால், யாரும் கேட்கவில்லை. எத்தனை கார் செய்யலாம் என்பதை லைசென்ஸ் தீர்மானித்தது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் வண்டி கையில் வந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள். 1969-இல் அரசு கார் விலைக்கும் கட்டுப்பாடு போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது. விலையை ஏற்ற முடியாது, செய்ததெல்லாம் விற்றுவிடும் என்றால், எந்த முதலாளி செலவு செய்து பிரேக்கை மாற்றுவார்? எண்பதுகளில் மாருதி 800 வந்து போட்டி என்று ஒன்று உருவான பிறகுதான், முன்னால் டிஸ்க் என்பது சாதாரண இந்தியக் குடும்பத்துக்கு வந்தது.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ நாமளே போட்டுக்கலாம்ல?" என்றாள். போட்டுக்கலாம்தான். பழைய கார் வைத்திருப்பவர்கள் வேறு வண்டியின் டிஸ்க்கையும் கேலிப்பரையும் வாங்கி, லேத்தில் பிராக்கெட் கடைந்து மாட்டிக்கொள்வது புதுசில்லை. நானும் அதைத்தான் செய்தேன். முதல் பிராக்கெட் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது. என் டிராயிங் தப்பு. இரண்டாவது சரியாக அமைந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு, ஆள் இல்லாத ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தினேன். பின் சக்கரம் முதலில் லாக் ஆகி, வண்டியின் வால் இடது பக்கம் வீசியது. புது டிஸ்க் போட்ட வண்டி, பழைய டிரம்மைவிட மோசமாக நின்றது.

கூட வந்த மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "தம்பி, டிரம்முல ஷூ தானே உள்ள இழுத்துக்கும். டிஸ்க்குக்கு அது கிடையாது. உங்க கால் பலம் மட்டும்தான். பூஸ்டர் எங்க?"

விஷயம் அதுதான். டிரம் சுழலும்போது முன்னோக்கிய ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கும். பாதி வேலையை அதுவே செய்துவிடும். டிஸ்க்குக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு லைனில் அதிக அழுத்தம் வேண்டும், அதற்கு பூஸ்டர் வேண்டும். கேலிப்பர் அதிக பிரேக் ஆயில் கேட்டால் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் லைன் அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் சின்ன வால்வு இருக்கும். அது அப்படியே இருந்தால் டிஸ்க்கில் பேட் உரசிக்கொண்டே சூடாகும். எங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட் வேறு. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு.

ஆக, வேலையைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், புது ஹோஸ், பின்னால் புது வீல் சிலிண்டர். பழைய லைனர் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, மறுபடி அதே கோடு, 40, பிறகு 60. இந்த முறை முன் சக்கரம் முதலில் பிடித்தது, வண்டி நேராக நின்றது. மூணு மாசம் தனியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் குடும்பத்தை ஏற்றினேன்.

வேலை முடிந்த பிறகுதான் மகளின் கேள்விக்கு முழு பதில் எனக்கே புரிந்தது. டிஸ்க் என்பது கடையில் வாங்கும் ஒரு வட்டத் தகடு மட்டுமில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் கணக்குப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, தப்பு கண்டுபிடித்து, திரும்பச் செய்வது. தொழிற்சாலை செய்திருக்க வேண்டிய வேலை அது. கேட்க ஆள் இல்லாததால் அங்கே நடக்கவில்லை. வீட்டு ஷெட்டில் பிரேக்கை மாற்றுகிறவன் அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொள்கிறான். தகடு மட்டும் மாட்டிவிட்டு சோதிக்காமல் ஈசிஆரில் ஏற்றினால், முன்னால் போகிற ஏபிஎஸ் வண்டி சட்டென்று நிற்கும்போது விலை கொடுப்பது பின் சீட்டில் இருப்பவர்கள்.

அப்பாவை ஒரு ரவுண்டு கூட்டிப்போனேன். மருத்துவக் கல்லூரிக்கிட்டே குறுக்கே ஒரு பைக் வந்தது. மிதித்தேன். வண்டி அப்படியே நின்றது. அப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நல்லா பிடிக்குதுடா. இருந்தாலும் கியர்லயே வா."