குளக்கட்டுக்கு வராத பங்காளி

தண்ணீரூற்று பெயரளவில் ஊற்றின் ஊர். அதைச் சூழ்ந்த வன்னியின் நெல்லோ குளத்தை நம்பியது. குளக்கட்டைப் பேணுவது கூட்டுழைப்பு. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது, நன்றே. ஆயின் வேலைக்கு வராத பங்காளியைக் கேட்பாரின்றி இலங்கையின் குளங்கள் பல தூர்ந்தன. 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம், பழைய வழக்கங்களை மீட்கும் உரிமையை உழவர் கூட்டத்திடமே அளித்தது. வயலின் அளவுக்கேற்பக் குளக்கட்டின் வேலையைப் பங்கிடுவது அவ்வழக்கு, அளக்கப்பட்டது வேலையே.

2020இல் கொள்ளைநோய் அலுவலகத்தை வீட்டுக்குள் அனுப்பியது. 2022இல் மின்சாரம் மணிக்கணக்கில் நின்றது. அழைப்புக்கு மறுமொழி தராத சக ஊழியரைச் சோம்பேறி என்பது எளிது. இருண்ட வீட்டிலிருந்து அவர் எவ்வாறு பேசுவார்? முதலில் தடையை விசாரிப்போம். பங்கைத் தெளிவாக வகுப்போம். பின்னும் குறைந்தால் கூட்டத்தில் நேரே கேட்போம். கங்காணியின் கண் நமக்கு வேண்டாம். தோழரின் கணக்குப் போதும்.