பிறந்த தேதியை எழுதி வைத்தது யார்?

போன லீவில் எறையூர் போயிருந்தபோது, முதியோர் உதவித்தொகைக்காக எங்கள் அப்பாயிக்கு மனு எழுத உட்கார்ந்தேன். "நீ பொறந்த தேதி என்ன அப்பாயி?" என்றேன். "ஆடிப்பெருக்குக்கு மறுநாளு. வருசம் யாருக்குடா தெரியும்?" என்று சிரித்தார். கடைசியில் வாக்காளர் அட்டையில் யாரோ உத்தேசமாகப் போட்ட வயதுதான் கைகொடுத்தது. பிறப்பு, இறப்பை அரசு எப்போதிலிருந்து எழுதி வைக்கிறது என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1886-ல் வந்த சட்டப்படி, விருப்பம் இருந்தால் பதியலாம். சென்னை மாகாணத்துக்கென்று 1899-ல் தனிச் சட்டம் வந்தது. காலரா எந்த ஊரில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று தெரிய சுகாதாரத் துறைக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டது. ஆனால் கிராமத்தில் பிறந்தவர்கள் எல்லாருமே பதிவேட்டில் ஏறிவிடவில்லை. அப்பாயி அப்படி விடுபட்டவர்களில் ஒருவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு, நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக 1969-ல் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அங்குள்ள பொறுப்பு மருத்துவர் தகவல் தரவேண்டும். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் தரவேண்டும். இறந்தவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், காரணத்தைக் கட்டணம் வாங்காமல் எழுதித் தரவேண்டும். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத் துறை இயக்குநர்தான் தலைமைப் பதிவாளர்.

கிராமத்தில் யார் எழுதினார்கள்? பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-ல் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. பிறகு பதிவேடு கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானதால், எங்கள் ஊரில் அண்ணன் சான்றிதழில் திருச்சி மாவட்டம், தம்பி சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம் என்று இருக்கும் வீடுகள் உண்டு!

இப்போது 21 நாளுக்குள் தகவல் தந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023-ல் வந்த திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர், கோட்ட அதிகாரி போன்றவர்களுக்கு மாற்றியது. பெயர் வைக்காமல் பதிந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒரு வருடம் வரை இலவசமாகவும், அதற்குமேல் 15 வருடம் வரை கட்டணம் கட்டியும் பெயர் சேர்க்கலாம்.

அதே திருத்தத்தின்படி, 1-10-2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட வைத்து, வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்ட காலம் முடிந்துவிட்டது. அப்பாயிக்கு ஓர் உத்தேச வயது போதுமாக இருந்தது. இனி பிறக்கும் பிள்ளைக்கு அது போதாது.

உங்கள் வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தால், பேர் வைக்கும் விழாவுக்கு முன்னால் அந்த 21 நாளை நினைவில் வையுங்கள்.